பதவி வேண்டாத பெரியாரும் ஒரு பதவிப் பிரமாணமும்

போன செமஸ்டரில் எங்கள் டிபார்ட்மென்ட் அசோசியேஷன் பதவியேற்பு விழா. உங்களுக்குத் தெரிந்த அதே சீன்தான். குத்துவிளக்கு, லேட்டாக வந்த சீஃப் கெஸ்ட், அட்டெண்டன்ஸுக்காகப் பின்வரிசையை நிரப்பிய செகண்ட் இயர் பசங்க. நான் செயலாளர், என் ரூம்மேட் இணைச் செயலாளர். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் கடவுள் பெயரால் உறுதி எடுப்பதாக ஒரு வரி இருந்தது. அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. முதல் நாளே போய், அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் ஒரே தாளைத்தான் படிக்கணும், முடியாதுன்னா வேற ஆளைப் போட்டுக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.

மேடையில் நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சொல் வந்தபோது அவன் உதடு அசைந்தது, மைக்கில் சத்தம் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. இரவு மெஸ்ஸில் அதைப் பற்றி அவன் பேசவும் இல்லை. ஆனால் எனக்கு என்னவோ போல இருந்தது. ஒருத்தன் ஒரு சின்னப் பொறுப்புக்கு வருவதற்கு நாலு பேர் முன்னால் பொய் சொல்ல வேண்டியிருக்கு, இல்லைன்னா ஊமையாக நடிக்க வேண்டியிருக்கு.

இதில் நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாமி கும்பிடுகிறவன். அரியர் இல்லாமல் தேறினால் மலைக்கோட்டை அடிவாரத்து மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் உடைக்கிறவன். அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. லீவு நாளில் சத்திரத்தில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்குவேன். பாட்டி கூட வந்தால் இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். திரும்பினால் எதிரே பெரியார் சிலை. அந்தப் பக்கம் மட்டும் பார்க்காமல் நடப்பார்.

இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்குப் பெரியார் என்றால் தாடி, கைத்தடி, அப்புறம் எலெக்ஷன் நேரத்து மீம்ஸ், அவ்வளவுதான். அந்த விழாவுக்கு அப்புறம்தான் லைப்ரரியில் அவர் வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். ஒரே ஒரு கேள்விக்காகத்தான் படித்தேன்: சாமி இல்லை என்கிறவனுக்கு இந்த நாட்டில் பொதுப் பதவி உண்டா? அதற்குப் பதில் தேடினால் திருச்சிக்கே திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. வாங்க, சொல்றேன்.

கோயில் கணக்குப் பார்த்த நாத்திகர்

ஈ.வெ. ராமசாமி 1879 செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கடப்பர், அம்மா சின்னத்தாயம்மாள். கஷ்டப்பட்டு முன்னேறிய வணிகக் குடும்பம், தீவிர வைணவக் குடும்பம். வீட்டில் எப்போதும் பாகவதர்களும் பண்டிதர்களும் இருப்பார்கள். பையனுக்குப் பள்ளிப் படிப்பு சில வருஷங்களோடு முடிந்தது. மிச்சக் கல்வி எல்லாம் மண்டிக்கடையிலும், வீட்டுக்கு வரும் பண்டிதர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்பதிலும்தான்.

1898-இல் நாகம்மையாரைத் திருமணம் செய்தார். 1904 வாக்கில் அப்பாவோடு மனஸ்தாபம், வீட்டை விட்டுக் காசிக்குப் போய்விட்டார். அங்கே பசியோடு ஒரு சத்திரத்துக்குப் போனபோது பிராமணர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு என்று வெளியே தள்ளினார்கள். சத்திரத்தைக் கட்டியவரோ பிராமணர் அல்லாத ஒரு செல்வர். தெருவில் கிடந்த எச்சில் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அப்பா வியாபாரத்தை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார். ஊர்ப் பொறுப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார், நகராட்சித் தலைவர் ஆனார், இதையெல்லாம் விட முக்கியமாக, ஈரோடு தேவஸ்தானக் கமிட்டியின் தலைவர் ஆனார். சாமி விஷயத்தில் நம்பிக்கையே இல்லாத ஒருவர் கோயில் சொத்துக்கும் வரவு செலவுக்கும் பொறுப்பாளர்! அவர் நிர்வாகத்தில் கோயில் கணக்கு ஒழுங்கானது, திருப்பணிகள் நடந்தன. ஊரில் பிளேக் வந்து சொந்தக்காரர்களே பிணத்தைத் தொடப் பயந்தபோது அவர் தோளில் சுமந்தார். நகராட்சித் தலைவராக ஈரோட்டுக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்.

உனக்கு நம்பிக்கை இருக்கா என்று அன்றைக்கு ஈரோட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வேலையைச் சரியாகச் செய்வாரா என்று மட்டும் பார்த்தார்கள். இன்றைக்குச் சட்டப்படி அப்படி நடக்க வழியில்லை. தமிழ்நாட்டின் 1959-ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி, ஆணையர் முதலான அதிகாரிகள் இந்து சமயத்தவராக இருக்க வேண்டும். அரசியலமைப்பும் இதை அனுமதிக்கிறது. பிரிவு 16 மத அடிப்படையில் அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அதிலேயே 5-ஆவது உட்பிரிவு, மத நிறுவனங்களின் நிர்வாகம் சம்பந்தப்பட்ட பதவிகளுக்கு மட்டும் அந்த மதத்தவரே இருக்கணும் என்று சட்டம் போட விலக்கு கொடுக்கிறது. ஒரு பக்தனாக யோசித்தால் இந்த விலக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் இன்றைய சட்டப்படி, ஈரோட்டில் கோயில் கணக்கை நேர் செய்த அந்த மனிதர் அறநிலையத் துறை ஆணையர் நாற்காலியில் உட்கார முடியாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு

1919-இல் காங்கிரஸில் சேர்ந்தபோது நகராட்சித் தலைவர் பதவி உட்பட எல்லாப் பொறுப்புகளையும் ராஜினாமா செய்தார். மொத்தம் 29 பதவிகள் என்று வாழ்க்கை வரலாறுகளில் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு 54 வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு அரசுப் பதவியிலும் உட்காரவில்லை, ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை.

காங்கிரஸில் கதர் மூட்டையைத் தோளில் போட்டு விற்றார், கள்ளுக்கடை மறியல் செய்தார். 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகப் போய் இரண்டு முறை சிறைப்பட்டார். அடுத்த வருஷம், 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் அரசுப் பதவிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவரப் பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை. அங்கேயே காங்கிரஸை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் பிறந்தது. குடி அரசு பத்திரிகை அதே வருஷம் மே மாதமே தொடங்கிவிட்டிருந்தது.

இதுவும் நம்ம கேள்விதான் என்பதைக் கவனிங்க. சட்டப் புத்தகத்தில் எழுதாவிட்டாலும், எந்தச் சாதியில் பிறந்தாய் என்பதே அன்றைக்கு அரசு வேலைக்கும் காலேஜ் சீட்டுக்கும் நுழைவுத் தேர்வாக இருந்தது. 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, வழக்குப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் பொறியியல் கல்லூரி சீட்டுக்காக வந்தவர். பெரியாரும் மற்றவர்களும் தமிழகம் முழுக்கப் போராட்டம் நடத்தினார்கள். அதே வருஷம் அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்தது. நம்ம கவுன்சிலிங்கில் எந்த ரோஸ்டரில் யாருக்கு சீட் கிடைத்தாலும், அதன் பின்னால் அந்தத் திருத்தம் இருக்கிறது.

திருச்சி, 1933: ஒரு கல்யாணம்

1933 மே 11 அன்று நாகம்மையார் இறந்தார். 35 வருஷம் கூட வாழ்ந்தவர், கள்ளுக்கடை மறியலிலும் வைக்கத்திலும் முன்னால் நின்றவர். அடுத்த நாளே பெரியார் திருச்சியில் இருந்தார். ஒரு கிறிஸ்தவ ஜோடிக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார். எதிர்ப்பு கிளம்பியதால் 144 தடை போட்டிருந்தார்கள். தடையை மீறிக் கல்யாணத்தை நடத்தினார், கைதானார்.

படித்தபோது எனக்கு முதலில் கொஞ்சம் நெருடியது. மனைவி இறந்து ஒரு நாள்தானே ஆச்சு? அப்புறம் அந்த ஜோடியின் பக்கத்திலிருந்து யோசித்தேன். சர்ச்சும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம், நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொள்கிறோம் என்று நினைத்த இரண்டு பேர். அதற்கு போலீஸ் தடை. அவர்களுக்கு அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள்?

இந்த மாதிரிக் கல்யாணம் 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கியது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, நல்ல நேரம் இல்லை. ஆயிரக்கணக்கில் நடந்தன. ஆனால் 1950-களின் தொடக்கத்தில் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இதன் அர்த்தம் என்ன தெரியுமா? சடங்கை விட்ட ஒரே காரணத்துக்காக மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, குழந்தைக்குச் சொத்தில் பங்கு சந்தேகம். பதவிக்கு மட்டும்தான் மதத் தேர்வு என்று நினைத்தேன். கல்யாணத்துக்கும் இருந்திருக்கிறது.

திருச்சி, 1953: ஒரு பிள்ளையார்

இப்போது எனக்குக் கஷ்டமான பகுதி. மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் உடைக்கிறவன் இதை எழுத வேண்டியிருக்கிறது.

1953 மே 27, புத்தர் பிறந்த நாள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மாலையில் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் கூட்டத்துக்கு நடுவில் பெரியார் ஒரு களிமண் பிள்ளையார் சிலையை உடைத்தார். மலைக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். ஊரில் எவ்வளவு பேர் மனசு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏன்னா 70 வருஷம் கழித்துப் படிக்கும்போது எனக்கே வலிக்கிறது.

திருச்சியைச் சேர்ந்த ஒரு பக்தர் வழக்குப் போட்டார். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கான 295, 295-ஏ பிரிவுகளின் கீழ் புகார். திருச்சி நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது. கோயிலில் பிரதிஷ்டை செய்யாத, வழிபாட்டில் இல்லாத வெறும் களிமண் பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்பது காரணம். உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றது. விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1958 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கீழ் நீதிமன்றங்கள் சட்டத்துக்குக் கொடுத்த பொருள் ரொம்பக் குறுகியது, ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் அந்தச் சட்டத்துக்குள் வரும், அதற்குப் பிரதிஷ்டை அவசியம் இல்லை, மற்றவர் நம்பிக்கையைத் தான் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நீதிமன்றம் மதித்துப் பார்க்க வேண்டும் என்றது. ஆனால் சம்பவம் நடந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டதால் மறுபடி விசாரணை தேவையில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளியது.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். தீர்ப்பின் முதல் பாதியைக் கேட்டுத் தலையாட்டினார், இரண்டாம் பாதிக்கு முகத்தைச் சுளித்தார். எனக்கு இரண்டு பாதியுமே வேண்டியிருக்கிறது. என் நம்பிக்கையை நீதிமன்றம் மதிக்கணும். சாமியைக் கேள்வி கேட்டதற்காக ஒருவர் சிறைக்கும் போகக் கூடாது. களிமண் சிலையை உடைத்தது கேள்வியா, அவமதிப்பா? அவரைப் பொறுத்தவரை கேள்வி. எனக்கு அது வேறு வழியில் கேட்டிருக்கலாம் என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

அதே பெரியாரைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லணும். குன்றக்குடி அடிகளாரின் மடத்துக்குப் போனபோது மரியாதைக்காகக் கொடுத்த திருநீற்றை மறுக்காமல் பூசிக்கொண்டார். எதிரே நிற்பவரின் மனசு என்று வரும்போது அவர் இறங்கி வந்த நேரங்களும் உண்டு.

வெளியே ஒரு சுற்று

இந்தத் தகராறு நம்ம ஊரில் மட்டும் வந்ததில்லை. 1880-இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் தொகுதி சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகரைத் தேர்ந்தெடுத்தது. கடவுள் பெயரில் பிரமாணம் எடுப்பதற்குப் பதில் உறுதிமொழி கூறுகிறேன் என்றார். முடியாது என்றது பாராளுமன்றம். சரி, பிரமாணமே எடுக்கிறேன் என்றார். நம்பாதவன் எடுக்கும் பிரமாணம் செல்லாது என்று அதற்கும் தடை! இடைத்தேர்தல்களில் அதே மக்கள் அவரையே திரும்பத் திரும்ப ஜெயிக்க வைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து 1886-இல்தான் உட்கார இடம் கிடைத்தது. 1888-இல் அவரே முன்னின்று, விரும்புகிறவர் கடவுள் பெயர் இல்லாமல் உறுதி கூறலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் பம்பாய் காங்கிரஸுக்கும் வந்தார். அந்த 1880-களில் சென்னையிலும் நாத்திகச் சங்கம் இருந்தது, தத்துவ விவேசினி என்று தமிழில் பத்திரிகை நடத்தினார்கள். பெரியார் அப்போது ஈரோட்டில் சின்னப் பையன்.

அமெரிக்க அரசியலமைப்பு பொதுப் பதவிக்கு மதத் தேர்வே கூடாது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டது. அப்படியும் மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர் கடவுளை நம்புவதாகச் சொல்ல மறுத்ததால் நோட்டரி வேலை கொடுக்கவில்லை. 1961-இல் அங்கே உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. டெக்சாஸ், டென்னசி மாதிரி சில மாநிலங்களின் அரசியலமைப்பில் அந்தப் பழைய வரிகள் இன்னும் இருக்கின்றன. அமல்படுத்த முடியாது, அழிக்கவும் இல்லை.

இந்தியாவில் அரசியல் நிர்ணய சபையிலேயே இந்த விவாதம் நடந்தது. பிரமாணத்தில் கடவுள் பெயர் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கடைசியில் மூன்றாவது அட்டவணையில் இரண்டு வழி வைத்தார்கள். கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். நம்பிக்கை உள்ளவர் யாரும் தன் சொல்லை விட வேண்டியதில்லை, இல்லாதவர் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அசோசியேஷன் தாளை அடித்தவர் இதைப் பார்த்திருந்தால் என் ரூம்மேட்டின் பிரச்சினை இரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

திருச்சி, 1967: புத்தூருக்கு வந்த விருந்தாளிகள்

பெரியார் பதவியை எப்படிப் பார்த்தார் என்பதற்கு நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. 1938-இல் இந்தி எதிர்ப்பில் சிறையில் இருந்தபோதே நீதிக்கட்சி அவரைத் தலைவராக்கியது. 1940-லும் 1942-லும் சென்னை மாகாணத்தில் அமைச்சரவை அமைக்க அவருக்கு அழைப்பு வந்தது, இரண்டு தடவையும் மறுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1944-இல் கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றினார், தேர்தல் வேண்டாம் என்றார். பதவிக்குப் போனால் ஓட்டுக்காக எல்லாருக்கும் தலையாட்ட வேண்டி வரும் என்பது அவர் எண்ணம். 1949-இல் மணியம்மையாரைத் திருமணம் செய்தபோது அண்ணாவும் நிறையப் பேரும் பிரிந்து போய் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். 18 வருஷம் ஒருவரை ஒருவர் மேடையில் கிழித்துக்கொண்டார்கள். 1967 தேர்தலில் பெரியார் காமராஜரின் காங்கிரஸுக்காகப் பிரச்சாரம் செய்தார். தி.மு.க. ஜெயித்தது.

ஜெயித்த கையோடு அண்ணா எங்கே போனார்? நெடுஞ்செழியனையும் கருணாநிதியையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். புத்தூரில் இருந்த பெரியார் மாளிகைக்கு. தோற்கடிக்க ஊர் ஊராகப் பேசியவரிடமே முதலில் வந்து நின்றார்கள். பெரியாருக்கே கூச்சமாகப் போய்விட்டதாம்.

சில நாளில், மார்ச் 6 அன்று, அண்ணாவும் அமைச்சர்களும் பதவியேற்றார்கள். கடவுள் பெயரைச் சொல்லவில்லை. உளமார என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசியலமைப்பில் இருந்த இரண்டாவது வழியில் ஒரு மாநில அமைச்சரவையே நடந்து போனது. 2021-இல் பதவியேற்பை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் ஞாபகம் இருக்கும்.

அதே வருஷம் சட்டமன்றத்தில் சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறியது. 1968 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. இனி நடப்பது மட்டும் இல்லை, ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. 1928-இலிருந்து அப்படிக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் சட்டப்படி தம்பதி ஆனார்கள்.

கடைசிச் சண்டை

90 வயதைத் தாண்டிய பிறகு அவர் எடுத்த போராட்டம் கர்ப்பக்கிரகத்தைப் பற்றியது. தகுதி உள்ள எந்தச் சாதிக்காரரும் அர்ச்சகர் ஆகலாம் என்று கேட்டார். சாமி இல்லை என்கிறவருக்கு அர்ச்சகர் யாராக இருந்தால் என்ன? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு அது பக்தி விஷயம் இல்லை. ஒரு வேலைக்குப் பிறப்பு மட்டுமே தகுதி என்பது எங்கே இருந்தாலும் அவர் விடமாட்டார், அது கோயிலுக்குள் இருந்தாலும் சரி.

1970-இல் கருணாநிதி அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1972 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது, ஆனால் ஆகமப்படி யார் பூசை செய்யலாம் என்ற விதியை மீற முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஒரு கதவு திறந்து இன்னொன்று சாத்திக்கொண்ட மாதிரி. பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள் தமிழகக் கோயில்களில் நியமனம் ஆனது 2021-இல்தான்.

அந்த வயதில் அவரால் தானாக நடக்க முடியாது. சிறுநீர் இறங்கக் குழாய் வைத்து, அதோடு வேனில் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். 24-ஆம் தேதி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இறந்தார். வயது 94.

இறுதிச் சடங்கில் ஒரு சிக்கல் வந்தது. அரசு மரியாதை கொடுக்கணும் என்று முதல்வர் கருணாநிதி விரும்பினார். அவர் எந்த அரசுப் பதவியும் வகித்தவர் இல்லையே, விதி இடம் தராதே என்ற கேள்வி எழுந்தது. பரவாயில்லை என்று முதல்வர் உத்தரவு போட்டார். 29 பதவிகளைத் தூக்கிப் போட்டவர், அமைச்சரவையை மறுத்தவர், அரசு மரியாதையோடு பெரியார் திடலில் அடக்கமானார்.

திருச்சியில் அவர் விட்டுப் போனவற்றில் ஒன்று உங்களில் சிலருக்குப் பக்கத்துக் காலேஜ். காஜாமலையில் இருக்கும் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி, அவர் லட்சக்கணக்கில் கொடுத்த நன்கொடையோடு 1965-இல் தொடங்கியது. அது அரசுக் கல்லூரி. அங்கே படிக்க யாரும் சாமியை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

ராஜகோபுரம் ஸ்டாப்

ஸ்ரீரங்கம் சிலைக்கும் ஒரு கதை உண்டு. 2006 டிசம்பரில் திறப்பு விழாவுக்கு முன்னாலேயே சிலையின் தலையை உடைத்துவிட்டார்கள். அதே இடத்தில் வெண்கலத்தில் சிலை வந்தது. 1953-இல் டவுன்ஹால் மைதானத்தில் சிலையை உடைத்தவரின் சிலை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் உடைந்தது. உடைத்தவர்களுக்கு வலி இருந்திருக்கும், பிள்ளையார் உடைந்தபோது என் ஊர்க்காரர்களுக்கு இருந்த அதே வலி. இரண்டு இடத்திலும் உடைந்தது களிமண்ணும் சிமெண்ட்டும்தான். மலைக்கோட்டையில் கூட்டம் குறையவில்லை, பெரியாரைப் படிக்கிறவர்களும் குறையவில்லை.

போன மாசம் பாட்டியோடு போனபோது சிலை முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். பாட்டி கையைப் பிடித்து இழுத்தார். வாடா, நடை சாத்திடப் போறாங்க என்றார். போனேன், பெருமாளையும் சேவித்தேன். திரும்பி வரும்போது, அவர் பிள்ளையாரை உடைச்சது தப்புதான் பாட்டி, ஆனா என் ஃபிரெண்டைப் பொய் சொல்ல வைக்கிறதும் தப்புதானே என்று கேட்டு, பதவியேற்பு விழாக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், பெருமாள் பேரைச் சொல்லிப் பொய்ச் சத்தியம் பண்ண வைக்கிறது பெருமாளுக்கே ஆகாதுடா என்றார். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

அடுத்த பேட்ச்சுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. உறுதிமொழித் தாளைப் புதிதாக டைப் செய்துவிட்டேன். அரசியலமைப்பில் இருக்கும் மாதிரியே இரண்டு வழி, நடுவில் ஒரு சாய்கோடு. ஸ்டாஃப் அட்வைசரிடம் கொடுத்திருக்கிறேன், கையெழுத்து இன்னும் வரவில்லை. உங்க டிபார்ட்மென்ட் தாளையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.